தம்பி கேட்கும் எட்டு லட்சமும் எனக்கு வேண்டிய ஆறு மாதமும்

கேள்வி: எனக்கு வயது 36. திருமணம் ஆகவில்லை. கோவையில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை. பிடித்தம் போகக் கையில் 58,000 ரூபாய் வருகிறது. மூன்று பேர் தங்கும் விடுதி அறைக்குச் சாப்பாட்டோடு 8,500, என் மற்ற செலவுகளுக்கு 6,000 ஆகிறது. சொந்த ஊர் கோவில்பட்டி பக்கம். அப்பாவுக்கு 67, அம்மாவுக்கு 61. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து வீட்டுக்குப் பணம் அனுப்புகிறேன், இப்போது மாதம் 30,000. மளிகை, கேஸ், கரண்ட் பில் 13,000. அப்பாவின் சர்க்கரை, பிரஷர் மாத்திரை 3,500. அப்பா பெயரில் ஊர்ச் சீட்டு 5,000. தம்பியின் பைக் தவணை 4,500. மீதி மொய், விசேஷம், கைச்செலவு. தங்கையின் கல்யாணக் கடனைப் போன பங்குனியில்தான் அடைத்து முடித்தேன். உடனே தம்பி சொந்தமாக செல்போன் கடை வைக்க என் பெயரில் 8 லட்சம் பர்சனல் லோன் எடுத்துத் தரச் சொல்கிறார்கள். அவனுக்கு 31 வயது, ஒரு கடையில் 14,000 சம்பளம். வீட்டை அவன் பெயரில் எழுதிவைக்கும் பேச்சும் நடக்கிறது. நான் சிஎம்ஏ (செலவு, மேலாண்மைக் கணக்கியல் படிப்பு) இன்டர் முடித்துவிட்டு, தங்கை கல்யாணத்தோடு படிப்பை நிறுத்தியவள். ஆறு மாதம் சம்பளமில்லா விடுப்பு எடுத்து, தனி அறையில் உட்கார்ந்து ஃபைனல் எழுத ஆசை. கையில் 1.4 லட்சம், பிஎஃப் 5 லட்சம், அம்மாவிடம் என் நகை 11 பவுன் இருக்கிறது. இந்த நேரத்தில் இப்படி ஆசைப்படுவது சுயநலமா?
– பெயர் வேண்டாம், கோவை

பதில்: சுயநலம் இல்லை. அந்தக் கடனையும் எடுக்காதீர்கள். இந்த இரண்டையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பதிலை முழுதாகப் படிப்பதற்குள் ஊரிலிருந்து இன்னொரு போன் வந்துவிடும்.

நீங்கள் கணக்குப் பிரிவில் இருப்பவர். 8 லட்சத்தை 13 சதவீத வட்டியில் ஐந்து வருடத்துக்கு எடுத்தால் மாதத் தவணை சுமார் 18,200 ரூபாய். வீட்டுக்கு அனுப்பும் 30,000, இந்தத் தவணை, விடுதிக்கு 8,500 எல்லாம் போனால் உங்கள் கையில் நிற்பது 1,300 ரூபாய். பஸ், போன், ஒரு காய்ச்சல், ஒரு சுடிதார், எல்லாமே அதற்குள். முடியும்போது உங்களுக்கு 41 வயதாகியிருக்கும், மொத்தம் 10.9 லட்சம் கட்டியிருப்பீர்கள். கடை நன்றாக ஓடினாலும் ஓடாவிட்டாலும் இந்தக் கணக்கு மாறாது, ஏனென்றால் வங்கிக்குக் கடையைத் தெரியாது, உங்களைத்தான் தெரியும்.

நீங்கள் மறுத்தால் அடுத்து வருவது, "சரி, கடன் அவன் பேரிலேயே இருக்கட்டும், நீ ஜாமீன் கையெழுத்து மட்டும் போடு" என்பதாக இருக்கும். அதற்கும் வேண்டாம். கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவும் ஜாமீன் போட்டவருக்கும் உண்டு என்கிறது 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128வது பிரிவு. அவன் தவணை தவறினால் உங்கள் சிபில் ஸ்கோரும் சேர்ந்து விழும்.

தம்பிக்கு உதவக் கூடாது என்று சொல்லவில்லை. 31 வயதில் சொந்தக் கடை வைக்க நினைப்பது நல்ல விஷயம். ஆனால் அந்தக் கடன் அவன் பெயரில், அவன் தொழிலைப் பார்த்து வர வேண்டும். முத்ரா திட்டத்தில் சொத்து அடமானம் இல்லாமலே வங்கிகள் கடன் தருகின்றன. மாவட்டத் தொழில் மையத்தில் வேலையற்ற இளைஞர்களுக்கான சுயதொழில் திட்டத்தைப் பற்றியும் கேட்டுப் பார்க்கட்டும், அதில் மானியம் உண்டு. இரண்டுக்கும் திட்ட அறிக்கை வேண்டும். அதை நீங்கள் உட்கார்ந்து எழுதிக் கொடுங்கள். சரக்கு எவ்வளவு, வாடகை எவ்வளவு, மாதம் எத்தனை ரிப்பேர் வந்தால் கட்டுப்படியாகும் என்று அக்காவும் தம்பியும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கணக்குப் போட்டால், எட்டு லட்சம் தேவையா, மூன்று லட்சம் போதுமா என்பது அவனுக்கே தெரிந்துவிடும். திறப்பு விழா அன்று ஒரு தொகையை அன்பளிப்பாகக் கொடுங்கள். திரும்பி வராவிட்டாலும் உங்களுக்கு மனவருத்தம் வராத அளவுக்கு மட்டும்.

இப்போது அந்த 30,000-க்கு வருகிறேன். அதில் அப்பா அம்மாவுக்கான செலவு எது, வீட்டின் பழக்கத்துக்கான செலவு எது என்று நீங்கள் இதுவரை பிரித்துப் பார்த்ததில்லை என்று நினைக்கிறேன். மளிகையும் மாத்திரையும் சேர்ந்து 16,500. விசேஷத்துக்கு 1,500 சேர்த்தால் 18,000. இதுதான் பெற்றோருக்கான உங்கள் கடமை. நீங்கள் தருவதைக் குறைத்துக் கணக்கிடவில்லை, தம்பி சாப்பிடும் சாப்பாடும் இதில் இருக்கிறது. பைக் தவணையை பைக் ஓட்டுபவர் கட்டட்டும். மீதி மொய்யும் அவன் பொறுப்பு.

சீட்டுக்கு இன்னும் எத்தனை மாதம் என்று நீங்கள் எழுதவில்லை. ஏழெட்டு மாதத்துக்குள் முடியும் என்றால் கட்டி முடித்துவிடுங்கள். நடுவில் நிறுத்தினால் கட்டிய பணத்துக்காக அலைய வேண்டியிருக்கும். சீட்டுப் பணம் வந்ததும் அது அப்பா அம்மா மருத்துவச் செலவுக்கென்று அம்மா பெயரில் வங்கி டெபாசிட்டாகப் போக வேண்டும். இதை இப்போதே பேசி வையுங்கள். பதிவு இல்லாத சீட்டில் இன்னொரு முறை சேர வேண்டாம்.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். எல்லாச் செலவும் இருக்கிறது, அப்பாவுக்கு மருத்துவக் காப்பீடு மட்டும் இல்லை. இத்தனை வருடம் இவ்வளவு அனுப்பியும், நெஞ்சு வலி என்று ஒரு இரவு போன் வந்தால் அந்த 11 பவுன்தான் அடகுக் கடைக்குப் போகும். எனக்கு உண்மையிலேயே கவலை தருவது இதுதான். 65 வயதுக்கு மேல் பாலிசி கிடைக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அந்த வயது வரம்பைக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2024-இல் எடுத்துவிட்டது. ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்புக் காலமும் அதிகபட்சம் 3 வருடம்தான். தனிநபர் பாலிசிக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டியும் கிடையாது. சர்க்கரை இருப்பதை மறைக்காமல் எழுதுங்கள், மறைத்தால் கிளைம் நேரத்தில் மறுத்துவிடுவார்கள். பில்லில் எத்தனை சதவீதத்தை நாம் கட்ட வேண்டும் என்ற விதியைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பிரீமியம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், இருவருக்கும் சேர்த்து மாதம் 3,500 ஒதுக்கி வையுங்கள். இன்னொன்று: 70 வயது நிறைந்தவர்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சை என்று ஆயுஷ்மான் பாரத் திட்டத்தை மத்திய அரசு 2024-இல் விரிவாக்கியது. அப்பாவுக்கு அந்த வயது வர இன்னும் மூன்று வருடம் இருக்கிறது. அதுவரைக்குமாவது பாலிசி கட்டாயம் வேண்டும்.

வீட்டைத் தம்பி பெயரில் எழுதும் பேச்சு பற்றி. அப்பா தன் சம்பாத்தியத்தில் கட்டிய வீடு என்றால் யாருக்குக் கொடுப்பது என்பது அவர் விருப்பம். பூர்வீகச் சொத்து என்றால் மகள்களுக்கும் சம பங்கு உண்டு, தமிழ்நாட்டில் 1989 சட்டமும் மத்திய அரசின் 2005 திருத்தமும் அதைத்தான் சொல்கின்றன. உங்கள் பங்குக்காகச் சண்டை போடச் சொல்லவில்லை. ஆனால் அப்பாவிடம் ஒன்று சொல்லுங்கள்: உயிரோடு இருக்கும்போதே செட்டில்மென்ட் பத்திரம் பதிவு செய்து கொடுத்துவிட்டால் அதைத் திரும்பப் பெறுவது சுலபமில்லை. உயில் என்றால் கடைசி வரை மாற்றி எழுதலாம், அதுவரை வீடு அவர் பெயரிலேயே இருக்கும். இந்த ஒரு விஷயத்தில் நீங்கள் பேசுவது அவர்களுடைய பாதுகாப்புக்காக.

என் சித்தி ஒருவர் தனியார் பள்ளியில் ஆசிரியையாக இருந்தார். மணம் செய்துகொள்ளவில்லை. எங்களில் பாதிப் பேர் படித்தது அவர் சம்பளத்தில், நானும் அதில் ஒருவன். ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் மஞ்சப்பையோடு என் வீட்டுக்கு வந்தார். உள்ளே ஒரு பாஸ்புக், ரப்பர் பேண்ட் போட்ட ஃபீஸ் ரசீதுகள், ஒரு பழைய மொய் நோட்டு. பாஸ்புக்கில் 43,000 ரூபாய் இருந்தது. தனியார் பள்ளி, பென்ஷன் கிடையாது. "எவ்வளவு குடுத்தேன்னு யாரும் கேக்கல, நானும் எழுதி வைக்கல" என்றார். ஊருக்கெல்லாம் கணக்குப் பார்க்கிற நான் அவரிடம் ஒரு நாளும் கேட்டதில்லை. உங்கள் கடிதத்தில் அவர் கையெழுத்தைப் பார்த்ததுபோல் இருந்தது. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இனி உங்கள் ஆறு மாதம். வீட்டுக்கு 18,000, உங்களுக்கு 14,500 போக 25,500 மிஞ்சும். பெற்றோர் பிரீமியம் 3,500, உங்கள் முதுமைக்கு 5,000 எஸ்ஐபி (மாதாமாதம் மியூச்சுவல் ஃபண்டில் போடும் சேமிப்பு) போனால் 17,000. சீட்டு முடியும்வரை 12,000. ஏழு மாதம் 12,000, மூன்று மாதம் 17,000 என்று சேர்த்தால், கையில் இருக்கும் 1.4 லட்சத்தோடு பத்து மாதத்தில் 2.75 லட்சம் ஆகிவிடும். விடுப்பு எடுக்கும் ஆறு மாதமும் வீட்டுக்கு அதே 18,000 போகட்டும். அதே விடுதியில் தனி அறை 12,000 என்று வைத்துக்கொள்வோம், இதரச் செலவு 6,000, பிரீமியம் 3,500. மாதம் 39,500, ஆறு மாதத்துக்கு 2.37 லட்சம். மீதியில் பரீட்சைக் கட்டணம் கட்டலாம். எஸ்ஐபியை அந்த ஆறு மாதம் நிறுத்தி வையுங்கள், பிஎஃப் மீது கை வைக்க வேண்டாம். அப்பா அம்மாவுக்கு ஒரு மாதம் கூடப் பணம் நிற்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

விடுப்புக்கு முன்னால் இரண்டு வேலை. அலுவலகக் குழுக் காப்பீடு விடுப்பில் தொடருமா என்று ஹெச்ஆரிடம் எழுத்தில் கேளுங்கள், எப்படியும் உங்களுக்கென்று தனி மருத்துவ பாலிசி எடுத்துவிடுங்கள். அப்புறம் ஒரு டேர்ம் பாலிசி, அதாவது உங்களுக்கு ஏதாவது ஆனால் குடும்பத்துக்குப் பணம் தரும் ஆயுள் காப்பீடு. உங்களை நம்பி இருவர் இருக்கிறார்கள்.

அந்த 5,000 எஸ்ஐபி பற்றி ஒரு வார்த்தை. 60 வயதுவரை 24 வருடம், சராசரி 8 சதவீதம் வளர்ந்தால் 43 லட்சம் வரும். பெரிதாகத் தெரியும், ஆனால் விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால் இன்றைய மதிப்பில் அது பத்தரை லட்சம்தான். அதனால் சம்பளம் உயரும்போதெல்லாம் இதையும் உயர்த்த வேண்டும். சம்பளம் உயரச் சிஎம்ஏ ஃபைனல் உதவும். படிப்பு உங்கள் ஆசை மட்டுமில்லை.

வீட்டில் இதைப் போனில் சொல்லாதீர்கள். ஊருக்குப் போய், அம்மாவும் அப்பாவும் சேர்ந்து இருக்கும்போது சொல்லுங்கள். காரணங்களை அடுக்கினால் ஒவ்வொரு காரணத்துக்கும் ஒரு பதில் வரும். "மாசம் 18,000 மூணாம் தேதி அம்மா கணக்குல வந்துடும், ஆஸ்பத்திரிச் செலவுக்கு பாலிசி எடுத்துட்டேன், லோன் என்னால எடுக்க முடியாதும்மா" என்று மட்டும் சொல்லுங்கள். அம்மா அழலாம், தம்பி இரண்டு மாதம் பேசாமல் இருக்கலாம். அந்த இரண்டு மாதமும் மூன்றாம் தேதி பணம் சரியாகப் போய்ச் சேரட்டும். திரும்பும்போது உங்கள் நகையை வாங்கிவந்து வங்கி லாக்கரில் வையுங்கள்.

சிஎம்ஏ பரீட்சை ஜூனிலும் டிசம்பரிலும் நடக்கிறது. பழைய பதிவு எண் இன்னும் செல்லுமா, புதுப்பிக்க வேண்டுமா என்று இந்த வாரமே இன்ஸ்டிட்யூட்டின் கோவை அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். இன்டர் மார்க் ஷீட் ஊரில் பீரோவில் இருந்தால், பேசப் போகும் அன்றே அதையும் எடுத்துக்கொண்டு வாருங்கள்.