டிஸ்சார்ஜ் தாளில் பி02.5

விக்கல், தும்மல், பச்சை மலம், கண்ணில் சிவப்பு என்று பதினொரு சந்தேகம் எழுதியிருக்கிறீர்கள் அம்மா. ஆனால் உங்களைத் தூங்கவிடாமல் செய்வது கடைசிப் பக்கத்தில் இருக்கிற ஒரு வரிதான்: "டிஸ்சார்ஜ் தாளில் பி02.5 என்று இருக்கிறது, கூகுளில் தேடினால் தொப்புள்கொடி அழுத்தத்தால் பாதிக்கப்பட்ட சிசு என்று வருகிறது, என் மகளுக்கு மூளையில் ஏதாவது ஆகியிருக்குமா?"

நீங்கள் அனுப்பிய தாள்களைப் படித்தவரை, அப்படிப் பயப்பட எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. பிறந்ததும் அழுதிருக்கிறாள். பிறந்த குழந்தையின் நிலைக்குப் பத்துக்குப் போடும் அப்கார் மதிப்பெண் முதல் நிமிடத்தில் 8, ஐந்தாம் நிமிடத்தில் 9. (ஏன் பத்து வரவில்லை என்றால், பிறந்த கொஞ்ச நேரத்துக்குக் கையும் காலும் நீலமாகத்தான் இருக்கும், ஒரு மதிப்பெண் அதிலேயே போய்விடும். பத்து வாங்குகிற குழந்தையை நான் பார்ப்பதே அபூர்வம்.) அன்றே பால் குடித்திருக்கிறாள், மூன்றாம் நாள் உங்களோடு வீட்டுக்கு வந்துவிட்டாள். பிறக்கும்போது ஆக்ஸிஜன் குறைந்து மூளை அடிவாங்கிய குழந்தை இப்படி இருக்காது. துவண்டு கிடக்கும், பால் உறிஞ்சத் தெம்பிருக்காது, பெரும்பாலும் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வந்துவிடும். பாதிப்பு கடுமை என்றால் பிறந்த 6 மணி நேரத்துக்குள் உடம்பைக் குளிரவைக்கும் சிகிச்சையைத் தொடங்கி 72 மணி நேரம் வைத்திருப்பார்கள். உங்கள் மகளோ பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவான என்ஐசியூ பக்கமே போகவில்லை. எண்ணைத்தான் நம்புவேன் என்றால், பி21, பி90, பி91.6 இவற்றில் எதாவது இருக்கிறதா என்று பாருங்கள். முதலாவது பிறப்பு மூச்சுத்திணறல், அடுத்தது பச்சிளம் குழந்தைக்கு வரும் வலிப்பு, மூன்றாவது ஆக்ஸிஜன் குறைவால் வரும் மூளைப் பாதிப்பு. உங்கள் மகளின் தாளில் மூன்றுமே கிடையாது.

அப்புறம் பி02.5 எப்படி வந்தது? அது நோய்களுக்கு எண் கொடுக்கும் ஐசிடி-10 பட்டியலில் உள்ள எண், இன்சூரன்ஸுக்கும் புள்ளிவிவரத்துக்கும் போடுவது. போடுகிறவர் பெரும்பாலும் ரெக்கார்ட்ஸ் பிரிவில் உட்கார்ந்திருக்கும் கோடர், உங்கள் குழந்தையை அவர் பார்த்ததே இல்லை. கொடி கழுத்தில் சுற்றியிருந்தது என்று கண்ணில் பட்டதும் கிட்டத்தில் இருந்த எண்ணைப் போட்டிருக்கிறார் என்று நினைக்கிறேன். அந்த எண் உண்மையில் கொடி நசுங்கி, அதனால் குழந்தைக்கு ஏதாவது ஆன இடத்தில் வரவேண்டியது. உங்கள் பிரசவக் குறிப்பில் மருத்துவர் எழுதியிருப்பதோ "ஒரு சுற்று, தளர்வு, தலைவழியாகக் கழற்றப்பட்டது". உங்களுடைய தாளில் ஓ69.8 என்று சரியாகவே இருக்கிறது, நசுங்கியிருந்தால் அது ஓ69.1 ஆகியிருக்கும். ஆக அம்மாவின் தாள் அழுத்தமே இல்லை என்கிறது, பிள்ளையின் தாள் அழுத்தத்தால் பாதிப்பு என்கிறது, பிரசவம் நடந்தது என்னவோ ஒரே மேஜையில்.

கோடரை மட்டும் குறை சொல்லவும் முடியாது. "கார்டு அரவுண்ட் நெக்" என்று கிறுக்கிவிட்டு அடுத்த பிரசவத்துக்கு ஓடுகிறவர்கள் டாக்டர்களாகிய நாங்கள். எத்தனை சுற்று, இறுக்கமா தளர்வா, கழற்றினோமா அறுத்தோமா, பிரசவ வலியின்போது இதயத்துடிப்பு இறங்கியதா, ஒன்றையும் எழுதாமல் விட்டால் அவர் என்னதான் செய்வார். உங்கள் மருத்துவர் எழுதியிருக்கிறார், அதனால் இதைத் திருத்துவது சுலபம். பிரசவக் குறிப்பின் நகலோடு போய் குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள். பழையதை அடிக்காமல், தேதி போட்டுக் கையெழுத்திட்டு ஒரு திருத்தக் குறிப்பு சேர்ப்பார். நகல் தர இழுத்தடித்தால், நோயாளி கேட்ட 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தரவேண்டும் என்று 2002ஆம் ஆண்டு மெடிக்கல் கவுன்சில் விதி இருக்கிறது, அதைச் சொல்லுங்கள். அவசரம் இல்லை, ஆனால் விட்டுவிடவும் வேண்டாம். நாளைக்கு இன்சூரன்ஸ்காரரும், ஐந்து வயதில் இவளைப் பார்க்கப்போகும் டாக்டரும் அந்த எண்ணைத்தான் முதலில் படிப்பார்கள்.

கொடி சுற்றிப் பிறப்பது அதிசயமில்லை, நூறு பிரசவத்தில் இருபது முப்பதில் பார்க்கிறோம். வயிற்றுக்குள் குழந்தை தொண்டை வழியாக மூச்சு விடுவதில்லை, எனவே கழுத்து நெரிபடுகிற கதையே அங்கே இல்லை. கொடிக்குள் ஓடும் ரத்தம் தடைபட்டால்தான் பிரச்சினை, அதற்கும் கொழகொழப்பான ஒரு ஜவ்வு மெத்தை போல ரத்தக்குழாய்களைச் சுற்றிப் பாதுகாக்கிறது. நீங்கள் கையைத் தூக்கித் துணி காயப்போட்டதால்தான் சுற்றிக்கொண்டது என்று உங்கள் அத்தை சொல்வது தவறு, கொடி சுற்றுவது குழந்தை புரள்வதால். தாய்மாமனுக்கு ஆகாது என்று எண்ணெயில் முகம் பார்த்தீர்களாம், பார்த்துக்கொள்ளுங்கள், அந்த எண்ணெய் குழந்தையின் மூக்குக்கும் வாய்க்கும் போகாதவரை எனக்கு ஆட்சேபணை இல்லை.

விக்கல், தும்மல், தோல் உரிவது, நன்றாகப் பால் குடிக்கும் குழந்தையின் பச்சை மலம் எல்லாம் சாதாரணம். கண்ணின் சிவப்பு பிரசவ நெருக்கலில் வந்தது, நீங்கள் இதைப் படிப்பதற்குள் மறைந்திருக்கும்.

ஒன்றே ஒன்றைக் கவனியுங்கள். தூக்கிவாரிப் போடுவது என்று எழுதியிருக்கிறீர்களே, அப்போது அந்தக் கையை மெதுவாகப் பிடித்துப் பாருங்கள். நின்றுவிட்டால், அல்லது தூக்கத்தில் மட்டும் வந்து எழுப்பினால் போய்விட்டால், கவலையில்லை. பிடித்தும் நிற்காமல் ஒரே தாளத்தில் வெட்டிக்கொண்டே இருந்தால், கண் ஒரு பக்கமாகச் செருகினால், காரணமில்லாமல் வாயைச் சப்புக்கொட்டிக்கொண்டு காலை சைக்கிள் மிதிப்பதுபோல ஆட்டினால், நடுவில் மூச்சு நின்று உதடு நீலமானால், அது வலிப்பாக இருக்கலாம். இந்த வயதில் வலிப்பு என்றால் பெரியவர்களைப்போல உடம்பு முழுக்க உதற வேண்டும் என்றில்லை, வீட்டில் பலர் விளையாடுகிறாள் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். பக்கத்தில் இருப்பவர் போனில் வீடியோ எடுக்கட்டும், நீங்கள் உடனே, நடுராத்திரியானாலும், குழந்தைகள் பிரிவு உள்ள ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். 23ஆம் நாளில் புதிதாக வலிப்பு வந்தால் கொடி காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. கிருமித் தொற்றோ கால்சியம் குறைவோ இருக்கலாம், இரண்டுக்குமே காத்திருக்க நேரமில்லை. பால் குடிக்க எழுப்பியும் எழாமல் கிடந்தாலும் இதே அவசரம்தான்.

மருந்துக்கடைக்காரர் "மூளைக்கு நல்லது" என்று கொடுத்த டானிக்கை இன்றோடு நிறுத்துங்கள். படத்தில் தெரிகிறது, அதில் இருப்பது பைராசெட்டம். நன்றாக இருக்கும் 23 நாள் குழந்தைக்கு அதில் ஒரு வேலையும் இல்லை, தாய்ப்பாலும் டாக்டர் எழுதித் தந்ததும் தவிர எதுவும் இப்போது வயிற்றுக்குள் போகவேண்டாம். 45 நாள் தடுப்பூசிக்குப் போகும்போது தலைச் சுற்றளவை அளந்து எழுதித் தரச் சொல்லுங்கள், உங்கள் முகத்தைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கியிருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.