எழுநூறு வயதும் முதல் நிலையும்

கேள்வி: கற்பனைக் கதாபாத்திரங்களாக நடித்து, பகடை உருட்டி ஆடும் ‘டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ விளையாட்டில், நூறு வயதைக் கடந்த எல்ஃப் (நீண்ட ஆயுள் கொண்ட கற்பனை இனத்தவர்) ஒருவர் இருபது வயது மனிதனோடு ஒரே முதல் நிலையில், அதாவது திறன் வளர்ச்சியின் முதல் படியில், தொடங்குவது முறையா?
– வாசகர், பாளையங்கோட்டை

பதில்: முறைதான். 1974இல் வந்த முதல் பதிப்பு, குள்ளமான கற்பனை இனத்தவரான ட்வார்ஃபை 6ஆம் நிலையிலும் ஹாஃப்லிங்கை 4ஆம் நிலையிலும் நிறுத்திவிட்டு, மனிதனை மட்டும் வரம்பின்றி வளரவிட்டது. 2000இல் மூன்றாம் பதிப்பு அந்த வரம்புகளை நீக்கியது மிக நல்ல முடிவு. 2014ஆம் ஆண்டுப் பதிப்பின்படி 750 வயது வரை வாழக்கூடிய எல்ஃப், நூறு வயதையொட்டித்தான் தம்மைப் பெரியவராக அறிவிக்கிறார். தாமிரபரணிக் கரை வாழை ஓராண்டுக்குள் குலை தள்ளிவிட, திசையன்விளைப் பக்கத்துப் பனையோ பாளை விடவே பத்தாண்டுக்கு மேல் எடுத்துக்கொள்கிறது. அதுவரை பனை சும்மா நின்றதாக நம் ஊரில் எவரும் சொல்வதில்லை. உங்கள் எல்ஃப் அந்த நூறாண்டில் எதைக் கற்றார், யாரை இழந்தார் என்று கதாபாத்திரத்தின் விவரங்களைக் குறிக்கும் தாளில் இரண்டு வரி எழுதிவிட்டுப் பகடையை உருட்டுங்கள்.