250 அனுப்பினால் 50, 53, 48 வருவது ஏன்?

கேள்வி: நிலாவெளியில் எங்கள் வெங்காயத் தோட்டத்துக் கிணற்றுப் பம்பியைக் கைத்தொலைபேசியால் இயக்க ஒரு கருவி செய்கிறேன். ஆர்டுயினோ ஊனோ என்ற, நிரல் எழுதி இயக்கும் சிறு மின்னணுப் பலகையும் புளூடூத் மொடியூலும் பயன்படுத்துகிறேன். 250 என்று அனுப்பினால் பம்பி 250 செக்கன் ஓட வேண்டும். ஆனால் நிரலுக்குள் 50, 53, 48 என்று மூன்று எண்கள் வருகின்றன. மொடியூல் பழுதா?
– வாசகர், திருகோணமலை

பழுதில்லை, புதிது வாங்கப் போகாதீர்கள். நீங்கள் அனுப்பியது பிசகாமல் வந்து சேர்ந்திருக்கிறது. தொலைபேசி அனுப்புவது இருநூற்றைம்பது என்ற தொகையை அல்ல. 2, 5, 0 என்ற மூன்று எழுத்துகளை. ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண்ணைக் குறியீடாகத் தரும் ஆஸ்கி அட்டவணையில் 0 என்ற எழுத்தின் குறியீடு 48. அங்கிருந்து வரிசையாகச் சென்று 9-இன் குறியீடு 57 ஆகிறது. வந்த குறியீட்டில் 48-ஐக் கழியுங்கள்: 50 என்பது 2, 53 என்பது 5, 48 என்பது 0. நிரலில் 48-க்குப் பதிலாக ஒற்றை மேற்கோளுக்குள் '0' என்று எழுதுவதே நல்லது. மதிப்பு ஒன்றுதான், ஆனால் எதைக் கழிக்கிறீர்கள் என்பது ஆறு மாதம் கழித்துப் பார்த்தாலும் விளங்கும்.

இனி இந்த மூன்று இலக்கங்களையும் ஒன்றாக்க வேண்டும். பள்ளியில் படித்த இடப்பெறுமானம்தான் வழி:

மதிப்பு = மதிப்பு * 10 + (எழுத்து - '0')

பூச்சியத்தில் தொடங்கினால் முதல் எழுத்துக்கு 2, அடுத்ததற்கு 25, மூன்றாவதற்கு 250.

ஆனால் எண் முடிந்துவிட்டது என்று பலகைக்கு எப்படித் தெரியும்? செக்கனுக்கு 9600 பிட் (0 அல்லது 1 என்ற துணுக்கு) வேகத்தில் ஓர் எழுத்து வந்து சேர ஏறத்தாழ ஒரு மில்லிசெக்கன் ஆகிறது. அதற்குள் ஊனோவின் கடிகாரம் 16,000 முறைக்கு மேல் துடித்துவிடும். அடுத்த எழுத்து இன்னும் வரவில்லை என்பதற்காக எண் முடிந்தது என்று எடுத்துக்கொண்டால், 2-இலேயே பம்பி ஓடத் தொடங்கும். ஆகவே ஒவ்வோர் எண்ணின் இறுதியிலும் வரிமுடிவுக் குறியை அனுப்பச் செய்யுங்கள். அதன் குறியீடு 10. சில செயலிகள் அதற்கு முன் 13-ஐயும் அனுப்பும், அதைத் தள்ளிவிடுங்கள். 10 வந்த பிறகே மதிப்பைப் பயன்படுத்துங்கள், உடனே அதைப் பூச்சியமாக்குங்கள். தம்பலகாமத்தில் ஒரு வயல் பம்பிக்கு நான் எழுதிய நிரலில் இந்தக் கடைசி வேலை விடுபட்டிருந்தது. முதலில் 30, பிறகு 45 அனுப்பினோம். பலகை 3045 என்று எடுத்துக்கொண்டது. வரம்பைத் தாண்டித் தண்ணீர் வழிந்தபோதுதான் கண்டுபிடித்தேன்.

10, 13 தவிர, 48 முதல் 57 வரை அடங்காத வேறெந்தக் குறியீடு வந்தாலும் அந்தக் கட்டளை முழுவதையும் கைவிடுங்கள். விசைப்பலகையில் தவறி ௨ என்ற தமிழ் இலக்கத்தை அழுத்தினால்கூட 224, 175, 168 என்று மூன்று பைட்டுகள் வரும். அவற்றில் 48-ஐக் கழித்துப் பயனில்லை.

உங்கள் அடுத்த வரியை நினைத்துத்தான் எனக்குக் கவலை. செக்கனை மில்லிசெக்கனாக்க 1000-ஆல் பெருக்குவீர்கள். ஊனோவில் சாதாரண முழுவெண் மாறிக்கு 16 பிட்தான். அதன் உச்சம் 32,767. அதில் 250,000 அடங்காது, -12,144 என்று திரிந்துவிடும். அதைக் குறியற்ற (கழித்தல் எண்ணை ஏற்காத) 32 பிட் மாறியில் போட்டால் 4,294,955,152 மில்லிசெக்கன், அதாவது 49 நாளுக்கும் மேல்! கிணறு வற்றிய பிறகும் பம்பி ஓடிக்கொண்டிருக்கும், மோட்டார் எரிந்துவிடும். எனவே மதிப்பைத் தொடக்கத்திலிருந்தே குறியற்ற 32 பிட் மாறியாக வையுங்கள். அதோடு, 600 செக்கனைத் தாண்டிய எந்த எண்ணையும் ஏற்காதபடி ஒரு வரம்பு போடுங்கள். அந்தக் கிணறு எவ்வளவு நேரம் தாங்கும் என்று வீட்டாரிடம் கேட்டு 600-ஐ மாற்றிக்கொள்ளலாம்.

ஆர்டுயினோவிலேயே எண்ணாக மாற்றித் தரும் ஆயத்தக் கட்டளை உண்டு. ஆனால் எண்ணுக்குப் பின் எஞ்சிய வரிமுடிவுக் குறியை நீக்காவிட்டால், அது ஒரு செக்கன் காத்திருந்து 0 என்று இன்னொரு விடை தரும். ஓடத் தொடங்கிய பம்பி நின்றுவிடும். உங்கள் வேலைக்கு மேலே சொன்ன முறையே போதும்.

பம்பியின் மின்சாரத்தைப் போட்டு நிறுத்தும் ரிலேயை இணைக்குமுன் பலகையிலுள்ள சிறு விளக்கில் சோதியுங்கள்: 5, 45, 250, 40000, வெறும் வரிமுடிவு. முதல் மூன்றுக்கு மட்டும் விளக்கு எரிய வேண்டும்.