வெளிநாட்டோடு கூட்டாய்வு: கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டியவை

கேள்வி: தனியார் செவிலியர் கல்லூரி ஒன்றில் விரிவுரையாளராக இருக்கிறேன். மாணவிகளின் வார்டு பயிற்சி அனுபவம் பற்றி எங்களோடு கூட்டாய்வு செய்ய பிரிட்டனிலுள்ள ஒரு பல்கலைக்கழகம் கேட்டிருக்கிறது. கேள்வித்தாள் அவர்களுடையது. 200 மாணவிகளிடம் நான் நிரப்பி வாங்கித் தர வேண்டும். புரிந்துணர்வு ஒப்பந்தம் இருக்கிறது, அங்கே எத்திக்ஸ் கமிட்டி அனுமதியும் கிடைத்துவிட்டது, அது போதும் என்கிறார் பிரின்சிபால். போதுமா?

பதில்: போதாது. ஆனால் அதற்காக ஆய்வைக் கைவிட வேண்டாம். பல நாடுகள் சேர்ந்தால்தான் சில கேள்விகளுக்கு விடை கிடைக்கும். ஐரோப்பாவின் ஒன்பது நாடுகளில் 300 மருத்துவமனைகளை ஆராய்ந்து 2014இல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வந்தது. பட்டப்படிப்பு முடித்த செவிலியர்களின் பங்கு 10 சதவீதம் கூடினால், அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் குறைவாக இருந்தது என்று அது காட்டியது. செவிலியர் கல்விக்காக வாதாடுபவர்கள் இன்றும் அதைத்தான் எடுத்துக்காட்டுகிறார்கள்.

சரி, அனுமதிக்கு வருவோம். ஒப்பந்தம் என்பது இரண்டு நிறுவனங்கள் சேர்ந்து வேலை செய்யச் சம்மதித்ததைத்தான் சொல்கிறது. ஆய்வுக்கு அது அனுமதி ஆகாது. அங்கே வாங்கிய எத்திக்ஸ் அனுமதி இங்குள்ள மாணவிகளுக்குச் செல்லாது. இங்குள்ள கமிட்டி தனியாகப் பார்த்தாக வேண்டும். உங்கள் கல்லூரியில் கமிட்டி இல்லையென்றால், பதிவு பெற்ற வேறொரு நிறுவனத்தின் கமிட்டியை ஒப்பந்தம் செய்துகொண்டு அணுகலாம். அப்புறம், வெளிநாட்டுக் கூட்டோடு நடக்கும் சுகாதார ஆய்வுகள் தொடங்கும் முன் எச்.எம்.எஸ்.சி. எனப்படும் மத்திய சுகாதார அமைச்சகத்தின் பரிசீலனைக் குழுவுக்குப் போக வேண்டும் என்கின்றன இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 நெறிமுறைகள். விண்ணப்பம் ஐ.சி.எம்.ஆர். வழியாகப் போகும். நேரம் பிடிக்கும் வேலை என்பதால், கால அட்டவணை போடும்போதே பிரிட்டன் குழுவிடம் சொல்லிவிடுங்கள். மானியம் ஏதும் வருவதாக இருந்தால் வெளிநாட்டுப் பண வரவை ஒழுங்குபடுத்தும் எஃப்.சி.ஆர்.ஏ. சட்டம் பற்றி ஆடிட்டரைக் கேட்காமல் ஒரு ரூபாய்கூட வாங்காதீர்கள்.

இதையெல்லாம்விட எனக்குக் கவலை தருவது, மாணவிகளிடம் கேள்வித்தாளை நீட்டப் போவது நீங்களே என்பதுதான். இன்டர்னல் மார்க் போடுகிற மேடம் கேட்டால் எந்த மாணவி மாட்டேன் என்பாள்? மாணவர்களைத் தனிப் பாதுகாப்பு தேவைப்படுவோர் பட்டியலில்தான் ஐ.சி.எம்.ஆர். வைத்திருக்கிறது. அவர்களுக்கு மார்க் போடாத ஒருவர் வந்து விளக்கி, தாள்களை வாங்கிக்கொள்ளட்டும். அந்த நேரத்தில் நீங்கள் அறையில் இருக்க வேண்டாம். தாளில் பெயரோ பதிவெண்ணோ வேண்டாம். வெற்றுத் தாளை மடித்துப் பெட்டியில் போடவும் வழி இருக்கட்டும். யார் எழுதவில்லை என்பது யாருக்கும் தெரியக் கூடாது.

கேள்வித்தாளையும் அப்படியே ஏற்காதீர்கள். பிரிட்டனில் செவிலியர் கவுன்சிலின் 2018 விதிகள்படி மாணவிக்கு வார்டில் கற்றுக்கொடுப்பவர் ஒருவர், மதிப்பிடுபவர் வேறொருவர். நம் வார்டில் இன்சார்ஜ் சிஸ்டர் வேலை வாங்குவார். கேஸ் ஷீட்டைத் திருத்தி மார்க் போடுபவர் கல்லூரியிலிருந்து வரும் கிளினிக்கல் இன்ஸ்ட்ரக்டர். ‘என் மேற்பார்வையாளரிடம் தயங்காமல் சந்தேகம் கேட்கிறேன்’ என்ற வரியைப் பார்த்தால், ஒரு மாணவி சிஸ்டரை நினைத்து டிக் செய்வாள், பக்கத்தில் இருப்பவள் இன்ஸ்ட்ரக்டரை நினைப்பாள். இரண்டையும் கூட்டி எடுக்கும் சராசரிக்கு அர்த்தமே இல்லை. முதலில் பத்துப் பதினைந்து மாணவிகளை உட்காரவைத்து, ஒவ்வொரு வரியையும் படிக்கும்போது யார் நினைவுக்கு வருகிறார் என்று கேளுங்கள். இந்த வேலையை இங்கிருப்பவர்தான் செய்ய முடியும். ஆய்வில் உங்கள் பங்கு எவ்வளவு பெரியது என்று அவர்களுக்கும் புரியும்.

கட்டுரையில் உங்கள் பெயர் வருமா என்பதை இப்போதே பேசுங்கள். மருத்துவ இதழாசிரியர்களின் சர்வதேசக் குழுவான ஐ.சி.எம்.ஜே.இ.யின் நெறிமுறைப்படி தரவு திரட்டுவது மட்டும் ஒருவரைக் கட்டுரையாசிரியராக்காது. எழுதுவதிலோ திருத்துவதிலோ பங்கு வேண்டும், இறுதி வடிவுக்கு ஒப்புதலும் பொறுப்பும் வேண்டும். ஆனால் முக்கியப் பங்களித்தவருக்கு வரைவைப் படித்துத் திருத்தும் வாய்ப்பைத் தந்தாக வேண்டும் என்றும் அதே நெறிமுறை சொல்கிறது. இந்த வரியை மின்னஞ்சலில் எடுத்துப் போட்டே கேளுங்கள். வரைவு எப்போது வரும், யார் பெயர் எங்கே வரும், மூலத் தரவின் ஒரு பிரதி உங்கள் கல்லூரியில் இருக்குமா, அதை வைத்து உங்கள் எம்.எஸ்சி. மாணவி தனியாக ஒரு கட்டுரை எழுதலாமா என்ற நான்குக்கும் எழுத்தில் பதில் வந்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.