மண் தடத்தில் ஓடும் பைக்குக்கு எந்த ஆயில்?

மண் தடங்களிலும் மலைப் பாதைகளிலும் பைக் ஓட்டும் வாசகர்கள் எஞ்சின் ஆயில் குறித்து அனுப்பிய கேள்விகளுக்கு இம்முறை பதில் தருகிறோம்.

கேள்வி: என்னிடம் ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 4வி பைக் உள்ளது. விடுமுறை நாள்களில் மண் தடங்களில் ஓட்டுகிறேன். காருக்கு வாங்கிய விலை உயர்ந்த முழு சிந்தெடிக் ஆயில் வீட்டில் மீதம் இருக்கிறது. அதை ஊற்றலாமா? வெயில் காலத்துக்கு 20டபிள்யூ-50 போன்ற கெட்டியான ஆயில்தான் நல்லது என்று மெக்கானிக் ஒருவர் சொல்கிறார். அது சரியா? — வாசகர், கோவை

பதில்: கார் ஆயிலை ஊற்ற வேண்டாம். காரில் எஞ்சினுக்கு ஓர் ஆயில், கியர் பாக்ஸுக்கு வேறோர் ஆயில் என்று தனித்தனியாக இருக்கும். உங்கள் பைக்கிலோ பிஸ்டன், வால்வுகள், கியர் பற்கள் ஆகிய அனைத்தையும் ஒரே ஆயில்தான் காக்கிறது. கிளட்ச் தட்டுகளும் அதே ஆயிலில் நனைந்தபடியே வேலை செய்கின்றன. எரிபொருளைச் சிக்கனப்படுத்துவதற்காகக் கார் ஆயில்கள் பலவற்றில் உராய்வைக் குறைக்கும் பொருள்களைச் சேர்க்கிறார்கள். காரின் எஞ்சினுக்கு நன்மை செய்யும் அந்தப் பொருள்கள், உராய்வை நம்பியே பிடிக்கும் பைக்கின் கிளட்ச் தட்டுகளை நழுவச் செய்துவிடும். மணலிலும் செங்குத்தான ஏற்றத்திலும் கிளட்சைப் பாதி பிடித்தபடி ஓட்டுகிறவருக்கு இந்தக் கோளாறு இன்னும் விரைவாக வரும்.

ஆகவே டப்பாவின் முகப்பில் உள்ள விளம்பர வாசகங்களை விட்டுவிட்டு, அதன் பின்புறத்தில் ஜப்பானிய வாகனத் தர அமைப்பான ஜாசோவின் குறியைத் தேடுங்கள். எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 என்று இருந்தால் அது நனைந்த கிளட்சுக்கு ஏற்ற ஆயில், அவற்றுள் எம்.ஏ.2 அதிக உராய்வுத் தரம் உடையது. எம்.பி. என்று இருந்தால் அது உராய்வு குறைந்த வகை. கியர் மாற்றும் வேலை இல்லாத ஸ்கூட்டர்களுக்கு உரியது. ‘முழு சிந்தெடிக்’ என்ற சொல் ஆயிலின் அடிப்படைத் திரவத்தைப் பற்றியதே ஒழிய, கிளட்சைப் பற்றி எதையும் சொல்வதில்லை.

இரண்டாவது கேள்விக்கு வருவோம். 10டபிள்யூ-30 என்பதில் டபிள்யூவுக்கு முன்னால் உள்ள எண் குளிர்ந்த நிலையில் ஆயில் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதையும், பின்னால் உள்ள எண் 100 டிகிரி செல்சியஸில் அதன் கெட்டித்தன்மையையும் குறிக்கின்றன. உங்கள் பைக்குக்கு நிறுவனம் சொல்லியிருப்பது 10டபிள்யூ-30. ராயல் என்ஃபீல்டின் 411 சிசி ஹிமாலயனுக்கு 15டபிள்யூ-50 பரிந்துரைக்கப்பட்டது. இரண்டும் இதே வெயிலில் ஓடுகிற வண்டிகள்தாம். வேறுபாடு எஞ்சினின் அமைப்பிலும், ஆயில் பம்பிலும், பாகங்களுக்கு இடையே விடப்பட்டுள்ள நுண்ணிய இடைவெளிகளிலும் இருக்கிறது. மேலும் உங்களுடையது ஆயிலாலேயே குளிர்விக்கப்படும் எஞ்சின் என்பதால், ஆயில் தடையின்றிச் சுற்றி வருவது மிகவும் முக்கியம். கையேட்டில் உள்ள பட்டியல் அனுமதித்தால் ஒழிய 20டபிள்யூ-50 பக்கம் போக வேண்டாம். கியர் பற்களுக்கு இடையில் நசுங்கி நசுங்கி எந்த ஆயிலும் நாளடைவில் தன் கெட்டித்தன்மையை இழக்கும். அதற்குத் தீர்வு கெட்டியான ஆயில் அன்று. அதே தர ஆயிலை முன்கூட்டியே மாற்றுவதுதான். விலை உயர்ந்த ஆயிலை ஊற்றி நெடுநாள் ஓட்டுவதைவிட, சரியான தரத்தில் நடுத்தர விலை ஆயிலை வாங்கி அடிக்கடி மாற்றுவதே மண்ணில் ஓட்டுகிறவருக்கு ஏற்றது என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: மோட்டோகிராஸ் என்னும் மண் தடப் பந்தயப் பயிற்சிக்காகப் பழைய ஹோண்டா சி.ஆர்.எஃப். 250ஆர் வாங்கியிருக்கிறேன். எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு முறை ஆயில் மாற்ற வேண்டும்? — வாசகர், ஓசூர்

பதில்: இந்த வகை பைக்குக்குக் கிலோமீட்டர் கணக்கு உதவாது, எஞ்சின் ஓடிய நேரமே கணக்கு. ஹோண்டாவின் மோட்டோகிராஸ் கையேடுகள் 6 பந்தயங்களுக்கு ஒரு முறை, அல்லது ஏறத்தாழ 15 மணி நேர ஓட்டத்துக்கு ஒரு முறை ஆயிலை மாற்றச் சொல்கின்றன. சாலை பைக் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தாங்கும்போது இதற்கு ஏன் இவ்வளவு அவசரம் என்று தோன்றலாம். எடையைக் குறைப்பதற்காகப் பந்தய எஞ்சினில் மிகக் குறைந்த அளவு ஆயிலே ஊற்றப்படுகிறது. அந்தச் சிறிதளவு ஆயில்தான் உச்ச வேகச் சுழற்சியின் வெப்பம் முழுவதையும் தாங்குகிறது. ஆகையால் ஓடிய மணி நேரத்தைக் காட்டும் ஹவர் மீட்டர் ஒன்றை வாங்கிப் பொருத்துங்கள்.

உங்கள் மாதிரியின் கையேட்டை அவசியம் பாருங்கள். பழைய சி.ஆர்.எஃப். பைக்குகளில் எஞ்சினுக்கும் கியர் பாக்ஸுக்கும் தனித்தனி ஆயில் அறைகள் உண்டு. ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு மற்றொன்றை மறந்துவிடுகிறவர்கள் பலர். காற்று ஃபில்டரையும் ஒவ்வொரு பயிற்சிக்குப் பின்னும் கவனியுங்கள். கிழிந்த அல்லது எண்ணெய் தடவாத ஸ்பாஞ்ச் ஃபில்டர் வழியே நுழையும் நுண்மணல் பிஸ்டன் ரிங்குகளைத் தேய்த்துவிடும். அந்தத் தேய்மானத்தை எந்த ஆயிலாலும் தடுக்க முடியாது.

கேள்வி: ஓடையைக் கடக்கும்போது என் எக்ஸ்பல்ஸ் தண்ணீரில் சாய்ந்து நின்றுவிட்டது. பிறகு பார்த்தால் ஆயில், பால் கலந்த காப்பி போல இருக்கிறது. என்ன செய்வது? — வாசகர், தேனி

பதில்: ஆயிலில் தண்ணீர் கலந்துவிட்டது. அதை மாற்றாமல் ஓட்டாதீர்கள்; பேரிங்குகள் கெடும். தண்ணீரில் விழுந்த பைக்கை உடனே ஸ்டார்ட் செய்யவும் கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் அது அழுந்தாது; பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். முதலில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, எஞ்சினைச் சுழற்றித் தண்ணீரை வெளியேற்றுங்கள். காற்று ஃபில்டரையும் உலர்த்துங்கள். பின்னர் கெட்டுப்போன ஆயிலை வடித்து, அதே தரத்தில் மலிவான ஆயிலை ஊற்றிச் சில நிமிடங்கள் மெதுவாக ஓடவிட்டு மீண்டும் வடியுங்கள். பால் நிறம் முற்றிலும் மறையும் வரை இதைச் செய்த பிறகே ஆயில் ஃபில்டரை மாற்றி நல்ல ஆயிலை ஊற்ற வேண்டும். ரேடியேட்டர் உள்ள பைக்குகளில் ஓடைப் பக்கமே போகாமல் இந்த நிறம் வந்தால், தண்ணீர் பம்பின் சீல் அல்லது ஹெட் கேஸ்கட் பழுதாகி இருக்கக்கூடும்.

கேள்வி: வீட்டிலேயே ஆயில் மாற்ற விரும்புகிறேன். எவற்றில் கவனம் தேவை? — வாசகர், சேலம்

பதில்: எஞ்சினைச் சில நிமிடங்கள் ஓடவிட்டுச் சூடாக்கினால் அடியில் தங்கிய கசடும் ஆயிலோடு சேர்ந்து வடியும். பைக்கை நிமிர்த்தி நிறுத்திய பின் ஆயிலை வடிக்கும் டிரெயின் போல்ட்டைக் கழற்றுங்கள். போல்ட்டின் முனையில் காந்தம் இருந்தால் அதில் ஒட்டியிருப்பதைப் பாருங்கள்: கரும்பசை போன்ற நுண்துகள் இயல்பானது; விரலில் தட்டுப்படும் சில்லுகள் இருந்தால் மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும். வாஷரைப் புதிதாகப் போடுங்கள். அலுமினியத்தில் மரை கெடுவது எளிது என்பதால், கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சினால் இறுக்குங்கள்.

ஆயில் ஃபில்டரைத் திருப்பி மாட்டிவிட்டால் சில எஞ்சின்களில் ஆயில் ஓட்டமே தடைப்படும். கழற்றும்போதே அது எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று படம் எடுத்து வையுங்கள். ஆயில் ஊற்றிய பின் சிறிது நேரம் ஓடவிட்டு, நிறுத்தி, இரண்டு மூன்று நிமிடம் கழித்து அளவு பாருங்கள். அதிகமாக ஊற்றுவதும் கேடுதான். மிகுந்த ஆயில் காற்றுக் குழாய் வழியாகக் காற்று ஃபில்டர் பெட்டிக்குள் வந்துவிடும்.

பழைய ஆயிலைச் சாக்கடையிலோ மண்ணிலோ கொட்டக் கூடாது. மூடியுள்ள கேனில் சேர்த்து, பழைய ஆயிலை முறையாக மறுசுழற்சிக்கு அனுப்பும் சர்வீஸ் நிலையத்திடம் கொடுங்கள்.

கேள்வி: மண் பந்தயத்துக்கு மாற்றிய ஆர்.எக்ஸ். 100 பைக்கில் 2டி (டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்கான) ஆயில் ஊற்றுகிறேன். வேறு ஆயில் தேவையா? — வாசகர், மதுரை

பதில்: தேவை. 2டி ஆயில் பெட்ரோலோடு எரிந்து போவது. கியர் பாக்ஸுக்கும் கிளட்சுக்கும் தனி ஆயில் உண்டு, அதையும் மாற்ற வேண்டும். ஆயில் பம்பை நீக்கிவிட்டுப் பெட்ரோலிலேயே கலப்பவராக இருந்தால், கலவை விகிதத்தைக் கண்மதிப்பில் விடாதீர்கள்: 32-க்கு 1 என்றால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 31 மில்லி ஆயில்.