தலைவர் பேசட்டும், கையெழுத்து மட்டும் வேண்டாம்

கேள்வி: என் வீட்டுக்காரர் தேயிலைத் தோட்டத்து ஸ்டோரில் (தொழிற்சாலையில்) 17 வருஷம் வேலை செய்தவர். 19 மாதத்துக்கு முன் ரோலரில் வலது கை சிக்கி மூன்று விரல் போய்விட்டது. துரை (தோட்ட முகாமையாளர்) ஆஸ்பத்திரிப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. தோட்டத்தில் தொழிற்சங்கத் தலைவராக இருப்பவர்தான் "நான் பேசி வாங்கித் தருகிறேன்" என்று நடக்கிறார். கடைசியாக வாங்கிய நாட்சம்பளம் 1,350 ரூபாய். இப்போது நிர்வாகம் எல்லாவற்றுக்கும் சேர்த்து நான்கு லட்சம் தருகிறதாம். அதற்குத் தலைவர் கொண்டுவரும் பேப்பரிலும், வேலையை விட்டு விலகுவதாக ஒரு கடிதத்திலும் கையெழுத்துக் கேட்கிறார்கள். விபத்து நடந்த வாரம் சிங்களத்தில் எழுதிய ஒரு வாக்குமூலத்திலும் கையெழுத்து வாங்கினார்கள். அதில் என்ன இருந்தது என்று அவருக்குத் தெரியாது. சட்டத்தரணி அல்லாத ஒருவர் எங்களுக்காக விசாரணையில் பேசுவது செல்லுமா? தலைவர் துரை பங்களாவுக்கு அடிக்கடி போய் வருவதும் மனதுக்கு உறுத்தலாக இருக்கிறது. தம்பி ஹட்டனில் ஒரு சட்டத்தரணியைப் பிடிக்கச் சொல்கிறான்.

— வாசகி, பொகவந்தலாவை

பதில்: செல்லும். வேலையாட்கள் நட்டஈட்டு விசாரணையாக இருந்தாலும் சரி, வேலைநீக்கத்தை விசாரிக்கும் தொழில் நியாய சபையாக இருந்தாலும் சரி, தொழிலாளிக்காகத் தொழிற்சங்கப் பிரதிநிதி தோன்றுவது சட்டத்துக்குப் புதிதல்ல. துரை ஆஸ்பத்திரிக்கு வராததற்கும், தலைவர் பங்களாவில் தேத்தண்ணி குடிப்பதற்கும் விசாரணையில் ஒரு சதமும் கிடைக்காது. அவற்றை ஒதுக்கி வையுங்கள்.

உங்கள் கடிதத்தில் நான் தேடிய விஷயம் இல்லை. வேலையாட்கள் நட்டஈட்டு ஆணையாளரிடம் விண்ணப்பம் போட்டாயிற்றா? தலைவர் பேசி வாங்கித் தருகிறார், துரை பங்களாவுக்குப் போய் வருகிறார் என்றெல்லாம் எழுதியிருக்கிறீர்கள். அதெல்லாம் பேச்சு. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ், விபத்து நடந்து இரண்டு வருடத்துக்குள் கோரிக்கை போயிருக்க வேண்டும். 19 மாதம் போய்விட்டது, கையில் இருப்பது ஐந்து மாதம். துரையோடு எத்தனை தடவை பேசினாலும் அந்தக் காலம் நிற்பதில்லை. தக்க காரணம் இருந்தால் ஆணையாளர் தாமதத்தை மன்னிக்கலாம். ஆனால் "தலைவர் பேசிக்கொண்டிருந்தார்" என்பதைத் தக்க காரணமாக எடுத்துக்கொண்டு போய் நிற்க எனக்குத் தைரியம் வராது. இந்த வாரமே தலைவரிடம் கேளுங்கள்: விண்ணப்பத்தின் பிரதி எங்கே, பதிவுத் தபால் துண்டு எங்கே? இரண்டும் இல்லையென்றால் விண்ணப்பம் போகவில்லை என்றே வைத்துக்கொண்டு, உடனே போடுங்கள்.

அடுத்து, யார் பேசுவது. தோட்டத் தலைவர் வேறு, சங்கக் காரியாலயத்தில் நட்டஈட்டுக் கோப்புகளைப் பார்க்கும் அலுவலர் வேறு. அந்த அலுவலர்களில் சிலருக்கு இந்தச் சட்டம் என் சட்டத்தரணித் தொழிலில் பலரைவிட நன்றாகத் தெரியும். கொழும்பிலுள்ள ஆணையாளர் அலுவலகத்தில் எந்த மேசைக்குப் போக வேண்டும் என்பதும் தெரியும். இளம் சட்டத்தரணி ஒருவர் முதல் விசாரணைத் தவணையில் தேடித் திரிவார், இவர்கள் நேரே போய் நிற்பார்கள். தோட்டத் தலைவரோ உங்கள் வீட்டுக்காரரைப் போல அதே தோட்டத்தில் பேர் போட்டு வேலை செய்கிறவர். நாளைக் காலை வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக் களத்தில் அவருக்கு எந்த வேலை என்பதைத் தீர்மானிப்பது நிர்வாகம். அவர் கெட்டவர் என்று சொல்லவில்லை. நிர்வாகத்தோடு முட்ட வேண்டிய இடத்தில் அவர் நிற்க முடியாது, அவ்வளவுதான். கோப்பைச் சங்கக் காரியாலயத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள். சந்தா கட்டுகிறீர்கள், கேட்க உரிமை இருக்கிறது.

யார் தோன்றினாலும் ஓர் அதிகாரக் கடிதம் கொடுக்க வேண்டிவரும். என்னிடம் வந்தவர்களில் பெரும்பாலோர் விழுந்த குழி இதுதான். எழுதிய தாளைப் படிக்காமல், சில நேரம் வெற்றுத் தாளிலேயே கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். அப்புறம் பிரதிநிதி ஒரு தொகைக்கு உடன்பட்டுக் காசையும் வாங்கிய பிறகு, "எங்களுக்குத் தெரியாது" என்று ஓடி வருகிறார்கள். அந்த நேரத்தில் நான் செய்யக்கூடியது மிகக் குறைவு. கடிதத்தில் இப்படி இருக்கட்டும்: விசாரணைக்குத் தோன்றவும் ஆவணங்களைக் கொடுக்கவும் அதிகாரம் உண்டு, இணக்கத்துக்கு உடன்படவோ பணம் பெறவோ அதிகாரம் இல்லை. இந்த வரியைப் பார்த்து முகம் சுளிக்கிற பிரதிநிதியை மாற்றிவிடுங்கள்.

பிரதிநிதிகள் வழுக்குகிற இன்னோர் இடம் மருத்துவ அறிக்கை. அவர்களுக்குப் பேச வரும், பேப்பர் சேர்க்க வராது. எந்த மூன்று விரல் என்று நீங்கள் எழுதவில்லை. பெருவிரல் அதில் இருந்தால் கணக்கே வேறு. நட்டஈடு சம்பளத்தையும், உழைக்கும் திறனில் எத்தனை வீதம் போயிற்று என்பதையும் வைத்துத்தான் வருகிறது. அந்த வீதத்தை அரசாங்க வைத்தியர் எழுத வேண்டும். கிளினிக் கொப்பி, ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது தந்த காகிதம், விபத்துக்கு முந்தைய மாதங்களின் சம்பளச் சீட்டுகள் எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு வையுங்கள். விசாரணையில் காட்டாததை மேன்முறையீட்டில் காட்ட முடியாது. தலைவர் கோட்டை விட்டதை அங்கே சட்டத்தரணி பிடித்துவிடுவார் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இப்போது அந்தச் சிங்கள வாக்குமூலம். இதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. ரோலரின் பாதுகாப்பு மூடியை வேண்டுமென்றே கழற்றினார், சொல்லியும் கேட்கவில்லை என்ற மாதிரி ஒரு வரி அதில் இருந்தால், நிர்வாகத் தரப்பு அதையே பிடித்துக்கொள்ளும். ஆள் இறந்தால் அல்லது முழுக்கவே முடங்கிப்போனால் அந்த வாதம் எடுபடாது. மூன்று விரல் போன வழக்கில் எடுபடலாம். பிரதியை எழுத்தில் கேளுங்கள், சிங்களமும் தமிழும் தெரிந்த, தோட்டத்தோடு சம்பந்தமில்லாத ஒருவரைக் கொண்டு வாசியுங்கள். வாக்குமூலம் எழுதும்போது தமிழில் வாசித்துக் காட்டினார்களா, பக்கத்தில் யார் நின்றார்கள் என்பதை உங்கள் வீட்டுக்காரர் நினைவில் இருக்கும்போதே எழுதி வைக்கட்டும்.

நான்கு லட்சத்துக்கு வருவோம். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி நாட்சம்பளக்காரருக்கு வருடத்துக்கு 14 நாள் சம்பளம். 17 வருடத்துக்கு 238 நாள். 1,350 ரூபாய்ப்படி 3,21,300 ரூபாய். அவர் வேலையை விட்டால், விரல் இருந்தாலும் போனாலும், இந்தச் சேவைக்காலப் பணம் அவருக்கு வந்தே ஆக வேண்டியது. "எல்லாவற்றுக்கும் சேர்த்து" என்று சொல்லும் நான்கு லட்சத்தில் இதைக் கழித்தால், மூன்று விரலுக்கு அவர்கள் தருவது 78,700 ரூபாய். தலைவர் இதை உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார், ஒருவேளை அவருக்கே கணக்குத் தெரியாது. ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி), ஈ.டி.எப். (ஊழியர் நம்பிக்கை நிதி) பணமும் அவருடைய சொந்தப் பணம்தான். அதையும் இந்தத் தொகைக்குள் திணிக்கிறார்களா என்று பாருங்கள்.

விலகல் கடிதத்தில் கையெழுத்துப் போடவே வேண்டாம். "சுயவிருப்பத்தில் விலகுகிறேன்" என்று எழுதிக் கொடுத்துவிட்டுத் தொழில் நியாய சபைக்குப் போனால், முதல் கேள்வியே உங்களை யார் வேலையிலிருந்து நிறுத்தினார்கள் என்பதுதான். இடது கையால் செய்யக்கூடிய லேசான வேலை கேட்டு எழுதுங்கள். மறுத்தால் எழுத்தில் மறுக்கட்டும்.

கடைசியாக, உங்களுக்குப் பிடிக்காத ஆலோசனை. இதை இணக்கமாக முடியுங்கள். 2022 திருத்தத்தில் உச்சத் தொகை 20 லட்சமாகக் கூடியதை யாராவது உங்கள் காதில் போட்டிருக்கலாம். அது உச்சம், மூன்று விரலுக்கு அவ்வளவு வராது. வாக்குமூலம் உங்களுக்கு எதிராக இருந்தால், ஒவ்வொரு தவணைக்கும் அலைந்து திரிந்து கடைசியில் குறைவாகவே வாங்குவீர்கள். ஆனால் முடிக்கிற முறை முக்கியம். விண்ணப்பம் முதலில் உள்ளே போகட்டும். வைத்தியரின் வீதத்தை வைத்து நட்டஈட்டைத் தனியாகக் கணக்கிடச் சொல்லுங்கள். கணக்கில் வருவதில் நாலில் மூன்று பங்கு கிடைத்தால் தலையாட்டுங்கள். அந்த உடன்படிக்கை ஆணையாளரிடம் பதிவாக வேண்டும். தொகை போதாது, ஏமாற்றி வாங்கியது என்று தெரிந்தால் பதிவு செய்ய மறுக்கும் அதிகாரம் அவருக்கு இருக்கிறது. ஸ்டோர் ஒபிசில் வைத்துக் கையில் காசு கொடுத்து முடிக்கிற பேப்பருக்கு அந்தக் காவல் கிடையாது.

தம்பி சொன்ன சட்டத்தரணி? விண்ணப்பத்துக்கு அவர் தேவையில்லை, சங்க அலுவலர் போதும். வாக்குமூலத்தின் பிரதி கைக்கு வந்ததும் அதை மட்டும் எடுத்துக்கொண்டு ஒரு தடவை போய்க் காட்டுங்கள். மூடியைப் பற்றி அதில் ஒரு வரி இருந்தால் அவரையே விசாரணைக்கும் பேசிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அந்தக் காசை வீட்டுச் செலவுக்கு வையுங்கள்.