நின்னுபோன மாடல் ட்ரெயினுக்கு பார்ட்ஸ் தேடுறது எப்படி? - வாசகர் கேள்வி-பதில்

கேள்வி (பாளையங்கோட்டை): அண்ணாச்சி, எங்க மாமா கப்பல்ல வேலை பாத்தப்ப இங்கிலாந்துல இருந்து ஒரு ஹார்ன்பி ட்ரெயின் செட் வாங்கிட்டு வந்தாவ, அம்பது வருஷத்துக்கு மேல இருக்கும். இப்ப கரண்ட் குடுத்தா உறுமுது, ஒரு முழம் நகந்து நின்னுருது, இஞ்சின் சக்கரத்துல இருந்த ரப்பரையும் காணோம். ஜங்ஷன், டவுன் ரெண்டு பக்கமும் பொம்மைக் கடையில கேட்டுப் பாத்தாச்சு, இந்த மாடலையே நிறுத்திட்டாங்க, புதுசு வாங்கிக்கோங்கன்னு சொல்லுதாங்க. பார்ட்ஸ் எங்க கெடைக்கும்?

பதில்: தம்பி, பொம்மைக் கடைக்காரங்கள விட்ருங்க, அவங்களுக்கு இது தெரியவே தெரியாது. முதல்ல ஒண்ணு சொல்லுதேன், பார்ட்ஸ் தேடுறதுக்கு முந்தி இது நெசமாவே பார்ட்ஸ் கேக்குதான்னு பாக்கணும். உறுமிக்கிட்டு நகராம நிக்குற இஞ்சின்ல பெரும்பாலும் மோட்டார் செத்துருக்காது, பழைய எண்ணெய் காஞ்சு பசை மாதிரி ஆயிருக்கும், தண்டவாளத்துலயும் சக்கரத்துலயும் கருப்பா அழுக்கு ஏறி கரண்ட் போகாம இருக்கும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால், செல்ஃபோன் சர்வீஸ் பண்ற கடையில வச்சிருப்பாங்க, அதைத் துணியில தொட்டு தண்டவாளம், சக்கரம் எல்லாம் தொடைங்க. பெட்ரோல், தின்னர் பக்கமே போகாதீங்க, பிளாஸ்டிக் பாடியும் பெயின்ட்டும் போயிரும். அப்புறம் தையல் மெஷின் எண்ணெய் ஊசி முனையில எடுத்து அச்சுல ஒரு சொட்டு, அவ்வளவுதான். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம், நம்ம வீடுகள்ல கதவுக் கீலுல இருந்து எல்லாத்துக்கும் அதத்தான் விடுதோம், ஆனா இது போல சின்ன மெஷின்ல அது நாளாக நாளாக இறுகிப்போயிரும்.

இதுக்கு அப்புறமும் ஓடலைன்னாதான் தேடணும். தேடும்போது எல்லாரும் ட்ரெயின் பேரை வச்சு தேடுதாங்க, அதான் கெடைக்க மாட்டேங்குது. இஞ்சின் பேர் ஆயிரம் இருக்கும், உள்ள இருக்குற மோட்டார் கொஞ்ச வகைதான். உங்க செட்டு 1965ல இருந்து 1971 வரைக்கும் வந்ததுன்னா பெட்டியில ட்ரையாங் ஹார்ன்பின்னு போட்டிருக்கும், அந்தக் காலத்து நீராவி இஞ்சின் நிறைய எக்ஸ் 04ங்கிற ஒரே மோட்டார்லதான் ஓடுச்சு. அந்த மோட்டாருக்கு கார்பன் பிரஷ், ஸ்பிரிங்கு எல்லாம் இங்கிலாந்துல இன்னைக்கும் தனியா விக்காங்க. பழைய மாடல் நிறையத்துக்கு ஹார்ன்பி சர்வீஸ் ஷீட்டுன்னு ஒண்ணு போட்டிருக்கு, பிரிச்சுப் போட்ட படமும் ஒவ்வொரு பார்ட்டுக்கும் நம்பரும் அதுல இருக்கும். அந்த நம்பரை வச்சு தேடுங்க, இஞ்சின் பேரை வச்சு தேடுனப்ப வராதது எல்லாம் வரும்.

எக்ஸ் 04ஐப் பிரிக்கப் போறீங்கன்னா ரெண்டு விஷயம் கட்டாயம் மனசுல வச்சுக்கோங்க. மேல இருக்குற காந்தத்தைக் கழட்டாதீங்க, அந்தக் காலத்து காந்தம் கூட்டுல இருந்து வெளிய எடுத்தாலே சக்தி கொறைஞ்சிரும், மாட்டின பிறகு இஞ்சின் முன்னைவிட மந்தமா ஓடும், மறுபடி காந்தம் ஏத்துற மெஷின் வச்சிருக்கவங்ககிட்டதான் போகணும். இன்னொண்ணு, பிரஷ்ஷை அமுக்கிப் பிடிக்கிற ஸ்பிரிங்கோட ஒரு கையில சின்னதா ஒரு உறை மாட்டியிருக்கும், அது வயருக்கு மேல இருக்குற தோல் மாதிரி கரண்டைத் தடுக்கத்தான் இருக்கு. அதைக் குப்பைன்னு நெனச்சு தூக்கிப் போட்டுட்டா ஷார்ட் ஆயிரும்.

ரப்பர் விஷயத்துக்கு வெளிநாட்டுக்கே போக வேண்டாம். அது ட்ராக்ஷன் டயர்னு சொல்லுவாங்க, சக்கரத்துல ஒரு பள்ளம் இருக்கும், அதுல உக்காரும். தெரிஞ்ச லேத்து பட்டறையில போயி வெர்னியரை வாங்கி அந்தப் பள்ளத்தோட குறுக்களவு, அகலம், ஆழம் மூணையும் எடுத்து எழுதிக்கோங்க. பழைய டேப் ரெக்கார்டர், டிவிடி பிளேயர் ரிப்பேர் பாத்த மெக்கானிக் இருந்தா அவங்ககிட்ட தட்டையான பெல்ட்டு டப்பா நெறைய கெடக்கும், மோட்டார் பம்பு ஸ்பேர்ஸ் கடையில ஓ ரிங்குன்னு ரப்பர் வளையம் இருக்கும். உள்ளளவு பள்ளத்தைவிட கொஞ்சம் சின்னதா இருக்கணும், இழுத்து மாட்டுனா பிடிச்சு நிக்கணும், ரொம்ப சின்னதுன்னா கொஞ்ச நாள்ல வெடிச்சிரும். பருமனான ஓ ரிங்கை மட்டும் போடாதீங்க, அந்த சக்கரம் உசந்துபோயி மத்த சக்கரம் தண்டவாளத்தைத் தொடாம அந்தரத்துல நிக்கும், கரண்ட் எடுக்காது.

கேள்வி (தூத்துக்குடி): லிமா கம்பெனி டீசல் இஞ்சின் ஒண்ணு இருக்கு, பல்சக்கரம் வெடிச்சுப்போச்சு. கம்பெனியே இல்லங்காங்க. என்ன செய்ய?

பதில்: ஆமா, இத்தாலிக்காரங்க கம்பெனி அது, 2004ல மூடிட்டாங்க, பேரை ஹார்ன்பி வாங்கிடுச்சு. ஆனா பேரை வாங்கினவங்ககிட்ட பழைய பார்ட்ஸ் கேட்டுப் பிரயோஜனம் இல்ல. உங்களுக்கு ரெண்டு வழி இருக்கு.

ஒண்ணு, பல்சக்கரத்தை அளந்து வேற எங்கயாவது பிடிக்கிறது. பல்லை எண்ணுங்க, வெளி விட்டத்தை மில்லிமீட்டர்ல அளங்க, விட்டத்தை பல்லு எண்ணிக்கையோட ரெண்டைக் கூட்டி வகுங்க. 20 பல்லு, 11 மில்லிமீட்டர் விட்டம்னா 11ஐ 22ஆல வகுத்தா 0.5, அதுதான் அதோட மாட்யூல், பல்லோட பருமனைச் சொல்லுற நம்பர். இந்த மாட்யூல், பல்லு எண்ணிக்கை, ஓட்டை அளவு, தடிமன் நாலும் ஒத்து வந்தா அது எந்தக் கம்பெனி சக்கரமா இருந்தா என்ன, ஓடும். வெடிச்ச சக்கரம்னா வெடிப்பை மூடிப் பிடிச்சு அளங்க, இல்லன்னா விட்டம் கூடுதலா காட்டும். 3டி ப்ரின்டர்ல அடிச்சு வாங்குறதுன்னா நைலான்ல கேளுங்க, சாதாரண ரெசின் ஒடிஞ்சிரும். பல்சக்கரம் வெடிக்கிறதுக்குக் காரணமே அச்சுல இறுக்கி அடிச்சு ஏத்துறதுதான், பிளாஸ்டிக் வயசாகி சுருங்கும்போது இரும்பு அச்சு விட்டுக்கொடுக்காது, பிளாஸ்டிக் பொளந்துக்கும். அதனால புதுசை சுத்தியல் வச்சு அடிக்காதீங்க, ஓட்டை நெருக்கமா இருந்தா லேசா ராவி கையால தள்ளுற அளவுக்குக் கொண்டு வாங்க.

ரெண்டாவது வழி, எனக்கு இதுதான் ரொம்பப் பிடிச்சது, அதே மாடல் ஓடாத இஞ்சின் ஒண்ணை மொத்தமா வாங்கிப் பிரிச்சுக்கிறது. தனித்தனியா பல்சக்கரம், பிரஷ், கப்ளிங்னு வாங்கி ஒவ்வொண்ணுக்கும் தபால் செலவு கட்டுறதைவிட மலிவா முடியும், மிச்சப் பார்ட்ஸும் கையில இருக்கும். ஆனா அதுலயும் அதே பல்சக்கரம் வெடிச்சிருக்கலாம், வாங்குறதுக்கு முந்தி அடிப்பக்க போட்டோ கேட்டு வாங்குங்க.

கேள்வி (தென்காசி அக்கா ஒருத்தவங்க): ஆன்லைன்ல மகனுக்கு பழைய மார்க்லின் இஞ்சின் ஒண்ணு பாத்தேன், எங்ககிட்ட இருக்குறது ஹார்ன்பி தண்டவாளம். விக்கிறவரு "டெஸ்ட் பண்ணலை"ன்னு போட்டிருக்காரு. வாங்கலாமா?

பதில்: வாங்காதீங்கக்கா. டெஸ்ட் பண்ணலைன்னு போட்டிருந்தா ஓடாதுன்னே எடுத்துக்கிட்டு அந்த விலைக்குத்தான் பேசணும். அதுக்கும் மேல, இந்த ரெண்டும் சேராது. தண்டவாள அகலம் 16.5 மில்லிமீட்டர்னு ஒண்ணா இருக்கும், வச்சா பொருந்துற மாதிரிதான் தெரியும். ஆனா மார்க்லின் பழைய இஞ்சின் மூணு தண்டவாளக் கணக்குல ஏசி கரண்ட்ல ஓடுறது, ரெண்டு பக்கச் சக்கரமும் ஒண்ணோட ஒண்ணு கரண்ட் தொடர்புல இருக்கும், ஹார்ன்பியோ ரெண்டு தண்டவாளம், 12 வோல்ட் டிசி. ஏத்தி வச்ச உடனே ஷார்ட் ஆகும். வேற யாரும் இப்படி வாங்கி ஏமாறக் கூடாதுன்னுதான் இவ்வளவு விவரமா எழுதுதேன்.

வேற பழைய இஞ்சின் பாத்தாலும் கீழ இருக்குற உலோகச் சட்டத்தைக் கவனிங்க. துத்தநாகக் கலவையில ஈயம் கலந்துபோன பழைய வார்ப்பு உள்ளுக்குள்ள இத்துப்போகும், வீங்கும், வெடிக்கும், ஒட்டவும் முடியாது. போட்டோவுல சட்டம் வளைஞ்சோ மயிரிழை வெடிப்போ தெரிஞ்சா விட்ருங்க.

இந்தியாவுல இருக்குற ஆன்லைன் கடையில வாங்கி, சொன்னதுக்கு மாறா வந்தா சும்மா விடாதீங்க. 2020 இ-காமர்ஸ் விதிப்படி குறைதீர்க்கும் அதிகாரி உங்க புகாரை 48 மணி நேரத்துல ஏத்துக்கணும், ஒரு மாசத்துல தீர்க்கணும். நடக்கலைன்னா 1915க்கு போன் பண்ணுங்க, அதுக்கும் அசையலைன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல போடலாம், 5 லட்சம் வரைக்கும் கட்டணம் கெடையாது. விளம்பரப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைங்க, பார்சல் பிரிக்கிறதை வீடியோ எடுங்க. வீட்டுல கெடந்ததை விக்கிற தனி ஆள்கிட்ட வாங்குனா இந்த வழி அவ்வளவு சுலபமா உதவாது, அங்க காசு குடுக்குறதுக்கு முந்தி இஞ்சின் ஓடுற வீடியோ கேக்குறதுதான் உங்க பாதுகாப்பு.

கேள்வி (வள்ளியூர்): அமெரிக்காவுல இருக்குற தங்கச்சி பழைய டிரான்ஸ்ஃபார்மரோட ஒரு செட் கொண்டு வாரேன்னு சொல்லுதா. நம்ம ஊர்ல போடலாமா?

பதில்: இஞ்சின், தண்டவாளம் ரெண்டையும் கொண்டு வரச் சொல்லுங்க, டிரான்ஸ்ஃபார்மரை அங்கயே விட்டுட்டு வரட்டும். அங்க 120 வோல்ட்டு, இங்க 230, சொருகின உடனே கருகிரும். உள்ளூர்ல செஞ்சதா இருந்தாலும் பழைய டிரான்ஸ்ஃபார்மர் வயர்ல ரப்பர் பொடிப்பொடியா உதிரும், பிள்ளைங்க கை வைக்கிற சாமான்ல அது வேண்டாம். பிஐஎஸ் பதிவு முத்திரை போட்ட 12 வோல்ட் டிசி அடாப்டர் ஒண்ணு, அதுக்கும் தண்டவாளத்துக்கும் நடுவுல வேகம் கூட்டிக் குறைக்கிற சின்ன கன்ட்ரோலர் ஒண்ணு, ரெண்டுமே எலக்ட்ரானிக்ஸ் கடையில கெடைக்கும். செட்டு 12 வோல்ட் டிசிதானான்னு பெட்டியில பாத்துச் சொல்லச் சொல்லுங்க, பழைய அமெரிக்க செட்டுல ஏசியில ஓடுறதும் உண்டு, அதுக்கு இந்த அடாப்டர் சரி வராது.